‘அளுதென்’ என்று எழுதும் பிள்ளைக்கு முதலில் பதில் சொல்லுங்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், சாயங்காலம் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதவைக்கும் தாத்தா, ஆச்சி, அக்கா, அண்ணன் எல்லோருக்கும்,



பிள்ளை தானாக எழுதும் பக்கங்களில் சிவப்புப் பேனாவை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். கரும்பலகையைப் பார்த்து எழுதும் பாடத்தை நான் சொல்லவில்லை. அதில் திருத்தம் வேண்டும், நானே திருத்துகிறேன். நான் சொல்வது, பிள்ளை தன் மனசிலிருந்து எழுதும் நாலைந்து வரிகளை. நேற்று வீட்டுக்கு யார் வந்தார்கள், எதற்குச் சண்டை வந்தது, எந்தக் குழம்பு பிடிக்கவில்லை என்று எழுதுகிறார்களே, அதை. அந்த வரிகளில் பிழை இருக்கும். நிறையவே இருக்கும். அதைக் கண்டதும் உங்களுக்கு வரும் பதற்றம் எனக்குத் தெரியும். ‘ரெண்டாம் கிளாஸ் வந்தாச்சு, இன்னும் மழைக்கு எந்த ழ போடணும்னு தெரியலையே டீச்சர்’ என்று பள்ளி வாசலில் நின்று கேட்கிறீர்கள்.

தமிழைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. லகர ளகரம் மாறினால் பொருளே மாறும் மொழி இது. அதனால்தான், பிள்ளை எழுதத் தொடங்கும் அந்த முதல் இரண்டு மூன்று வருடங்களை நாம் கெடுத்துவிடக் கூடாது என்று தவிக்கிறேன்.

ஒரு பிள்ளை எழுதியதைப் பேர் சொல்லாமல் காட்டுகிறேன். இரண்டாம் வகுப்பு.

“எங்க விட்டு நாய் குட்டி பேட்டுச்சி. அறு குட்டி. ஒரு குட்டி செத்து போச்சு. ஆச்சி குளி தோன்டுனாங்க. நா அளுதென்.”

இந்தப் பக்கத்தைச் சிவப்புப் பேனாவோடு பார்த்தால் ஏழெட்டு வட்டம் போடலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள்.

‘குட்டி’ என்ற சொல் மூன்று முறை வருகிறது. மூன்று முறையும் ட் மேல் புள்ளி சரியாக இருக்கிறது. ‘செத்து’ என்பதிலும் இருக்கிறது. ‘நாய்’ என்பதில் ய் மேல் புள்ளி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் இதே பிள்ளை ‘குடி’, ‘செது’ என்றுதான் எழுதியிருக்கும். இரட்டித்து ஒலிக்கும் எழுத்தைக் காதால் பிரித்து, முதல் எழுத்துக்குப் புள்ளி வைத்து, அடுத்த எழுத்தை எழுதுவது பெரிய வேலை. அந்த வேலை இங்கே முடிந்துவிட்டது. அதற்கு யாரும் வட்டம் போடுவதில்லை.

அடுத்து ‘பேட்டுச்சி’. ‘போ’ எழுத என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாயில் முதலில் வருவது ப், பிறகு ஓ. கையிலோ முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ப, பிறகு கால். ஒலி வரும் வரிசை ஒன்று, எழுதும் வரிசை இன்னொன்று. கொம்பைப் போட்டு, பகரத்தையும் எழுதி முடித்ததும் வேலை முடிந்த மாதிரி பிள்ளைக்குத் தோன்றுகிறது, கால் விட்டுப்போகிறது. ஒகர, ஓகார வரிசையில் இது எல்லாப் பிள்ளைக்கும் வரும். மூன்றாவது வரியிலேயே ‘போச்சு’ என்று கால் போட்டுச் சரியாக எழுதியிருக்கிறதே, கவனித்தீர்களா? தெரியாமல் விட்டதில்லை அது. எழுதும் வேகத்தில் நழுவியது.

‘அறு குட்டி’ எனக்கு ரொம்பப் பிடித்த பிழை. ஆகாரத்தின் சுழி விட்டுப்போயிருக்கிறது, சரி. ஆனால் வல்லின ற வந்திருக்கிறது பாருங்கள். நம் பேச்சில் ஆறு என்பதில் உள்ள றகரத்துக்கும், மரம் என்பதில் உள்ள ரகரத்துக்கும் காதுக்கு வித்தியாசம் கிடையாது. காது சொல்லித்தராத இந்த எழுத்தைப் பிள்ளை எங்கிருந்து எடுத்தது? எண் அட்டையில் ‘ஆறு’ என்று பார்த்துப் பார்த்து, கண் பிடித்துக்கொண்டது. யாரும் இம்போசிஷன் கொடுக்கவில்லை.

‘குளி’, ‘அளுதென்’. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் எத்தனை வீட்டில் ழகரம் நாக்கில் வருகிறது? ‘மள பெய்யுது’, ‘வாளப்பளம் வாங்கிட்டு வா’ என்றுதான் பிள்ளை பிறந்ததிலிருந்து கேட்கிறது. கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது. காது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இது சாட்சி. ‘தோண்டுனாங்க’, ‘நா’, ‘போச்சு’ எல்லாம் பேச்சுத் தமிழ். அவற்றை எழுத்துப்பிழைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. ‘தோண்டினார்கள்’ என்று எழுதும் காலம் வரும். ஏழு வயதுப் பிள்ளை தன் ஆச்சியைப் பற்றி எழுதும்போது, வீட்டில் பேசும் தமிழில்தான் எழுதும்.

இப்போது அந்த ஐந்து வரியை இன்னொரு முறை படியுங்கள். நாய் குட்டி போட்டிருக்கிறது, ஒன்று செத்துப்போயிருக்கிறது, ஆச்சி புதைத்திருக்கிறார், பிள்ளை அழுதிருக்கிறது. இவ்வளவையும் ஒரு பிள்ளை நம்மிடம் எழுத்தில் சொல்கிறது. அதற்கு நம் முதல் பதில் ‘ழ போடத் தெரியாதா’ என்பதாக இருந்தால், அடுத்த முறை என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நான் வகுப்பில் கண்டது இது. பிள்ளை எழுதுவதை நிறுத்தாது. பிழை வராத சொற்களை மட்டும் பொறுக்கி எழுதும். ‘என் அம்மா நல்ல அம்மா. என் அப்பா நல்ல அப்பா. பசு பால் தரும்.’ ஒரு பிழை இருக்காது. ஒரு விஷயமும் இருக்காது. குழி என்று எழுதப் பயந்து ஆச்சி குழி தோண்டியதையே விட்டுவிடும். அழுதேன் என்று எழுதத் தெரியாததால் அழுததையே சொல்லாது. வீட்டில் நோட்டைப் பார்ப்பவர்களுக்கு இது முன்னேற்றமாகத் தெரியும், மதிப்பெண்ணும் வரும். எனக்கு வயிற்றைப் பிசையும்.

‘அப்படியே விட்டால் பிழை மனசில் பதிந்துவிடாதா?’ இதுதான் உங்கள் எல்லோருடைய கேள்வியும். நியாயமான கேள்வி. பிள்ளையின் நோட்டையே எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கத்தில் ‘பளம்’ இருக்கும், ‘பழம்’ இருக்கும், அவசரத்தில் ‘பழ்ம்’ கூட இருக்கும். பதிந்துபோன பிழை என்றால் ஒரே மாதிரி வர வேண்டும் அல்லவா? மூன்று விதமாக வருகிறது என்றால் பிள்ளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சரியான வடிவத்தைப் புத்தகத்தில் நிறைய முறை பார்க்கப் பார்க்க மற்ற இரண்டும் உதிர்ந்துவிடும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் சார்லஸ் ரீட் என்ற மொழியியலாளர், பள்ளிக்குப் போகும் முன்பே தாமாக ஆங்கிலம் எழுதத் தொடங்கிய குழந்தைகளின் பிழைகளை ஆராய்ந்து 1971இல் வெளியிட்டார். ‘ட்ரக்’ என்ற சொல்லை எழுத வேண்டிய இடத்தில் அந்தக் குழந்தைகள் ‘டி’ என்ற எழுத்தை விட்டு ‘சி-எச்’ என்று தொடங்கினார்கள். ஏன் என்று பார்த்தால், ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் அந்த இடத்தில் ‘ச்’ கலந்த ஒலிதான் வருகிறது. பெரியவர்களின் காது எழுத்துக்குப் பழகி அதைக் கேட்க மறந்துவிட்டது, குழந்தை கேட்டுவிட்டது. கனடாவில் ஜீன் உவெலெட், மோனிக் செனெஷால் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முன்பருவப் பள்ளியில் தாமாக ஒலியைப் பிரித்து எழுதிப் பார்க்கும் திறமை, அடுத்த ஆண்டில் அந்தக் குழந்தைகளின் வாசிப்புக்கும் சரியான எழுத்துக்கும் கைகொடுத்ததைக் காட்டினார்கள். நம் பக்கத்து மொழியான கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வுகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. ஆங்கிலத்தில் 26 எழுத்து. நம் போன்ற மொழிகளில் உயிர்மெய்கள் நூற்றுக்கணக்கில். அவை முழுவதும் கைவர ஆரம்பப் பள்ளியின் பல வருடங்கள் பிடிக்கின்றன என்பதை அவர் காட்டியிருக்கிறார். தமிழில் எல்லாம் சேர்த்து 247 எழுத்து. பக்கத்து வீட்டுப் பிள்ளை யூகேஜியிலேயே ஆங்கிலம் எழுதுகிறது என்று உங்கள் பிள்ளையின் தமிழை அதோடு சேர்த்து நிறுத்தாதீர்கள்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் மூன்றாம் வகுப்பு வரை, எட்டு வயதுக்குள் எழுத்தறிவு என்றுதான் இலக்கு வைத்தது. ஒன்றாம் வகுப்பு தீபாவளிக்குள் என்று யாரும் சொல்லவில்லை.

நம் எழுத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கேயேதான் ஏடெழுதியவர்களும் எழுதாமல் விட்டார்கள். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. குறில் எகரக் கொம்புக்கும் நெடில் ஏகாரக் கொம்புக்கும் வேறுபாடு இருக்காது. ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். உ.வே. சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பிக்க ஏட்டோடு போராடியதற்கு இவையும் காரணம். இன்று நாம் எழுதும் இரட்டைக் கொம்பு, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்று சொல்லப்படுகிறது. ‘அளுதென்’ என்பதில் ஒற்றைக் கொம்பு போட்ட பிள்ளை, ஓலையில் எழுதிய புலவர் செய்ததைத்தான் செய்திருக்கிறது. எழுதுகிறவருக்குத் தான் சொல்ல வந்தது தெரியும். புள்ளியும் இரட்டைக் கொம்பும் படிக்கிறவருக்காக வந்தவை. பிள்ளைக்கும் இதை அப்படியே சொல்லலாம்: ‘நீ என்ன நினைச்சேன்னு உனக்குத் தெரியும். ஊர்ல இருக்கிற மாமாவுக்குத் தெரிய வேண்டாமா? அதுக்குத்தான் ரெண்டு கொம்பு.’ ஏழு வயதுக்கு இது நன்றாகவே புரிகிறது.

தாத்தா, ஆச்சிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் படித்தபோது லை, ளை, ணை, னை ஆகியவற்றைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்து எழுதினீர்கள். ணா, றா, னா கூட வேறு வடிவத்தில் இருந்தன. பெரியார் 1935இலேயே குடிஅரசு இதழில் பயன்படுத்திய சீர்திருத்த வடிவங்களை 1978இல் தமிழக அரசு ஏற்றது. பாடநூலில் இருப்பது அதுதான். வீட்டில் உங்கள் கை பழைய வடிவத்தைக் காட்ட, பள்ளியில் புதிய வடிவம் இருக்க, நடுவில் நிற்கும் பிள்ளை இரண்டையும் பார்த்து முழிக்கிறது. ‘நாங்க இப்படி எழுதுவோம்’ என்று வேடிக்கையாகக் காட்டுங்கள். அதையே எழுதச் சொல்லாதீர்கள்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது?

பதில் எழுதுங்கள். நோட்டில் அந்த ஐந்து வரிக்குக் கீழே, உங்கள் கையெழுத்தில், பென்சிலால் எழுதுங்கள்: ‘ஆச்சி குழி தோண்டியபோது நீ அழுததை நானும் பார்த்தேன். மற்ற ஐந்து குட்டியும் என்ன நிறம்?’ அவ்வளவுதான். குழி, தோண்டு, அழு மூன்றும் சரியான எழுத்தோடு பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. திட்டாமல் வந்துவிட்டன. பிள்ளை அதைப் படிக்கும், ஏனென்றால் அது தனக்கு வந்த கடிதம். அடுத்த முறை எழுதும்போது பிள்ளை உங்கள் வரியைப் பார்த்து ‘குழி’ என்று எழுதக்கூடும், எழுதாமலும் போகலாம். எழுதப் படிக்க நேரமில்லாத அம்மாக்கள் வாயால் கேட்டாலே போதும். பீடி சுற்றிக்கொண்டே ஒருவர் கேட்பார். பிள்ளை தான் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டும். அப்படிப் படிக்கும்போது ‘பேட்டுச்சி’யில் நாக்கு இடறி, தானே கால் போட்டுக்கொள்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லிக்கொடுங்கள். எதை என்பதுதான் முக்கியம். எல்லாப் பிழையும் ஒரே ரகம் கிடையாது. சிலவற்றுக்கு விதி உண்டு. சிலவற்றுக்குக் கண்பழக்கம் மட்டுமே உண்டு. விதி உள்ளதை எடுங்கள். அந்தப் பக்கத்தில் நான் எடுத்தது ‘தோன்டுனாங்க’. பிள்ளைகள் எழுதும் தமிழ்ச் சொற்களில் டகரத்துக்கு முன்னால் ண், ன், ந் மூன்றில் மூன்று சுழி ண் மட்டும்தான் வரும். வண்டி, நண்டு, பூண்டு, கண்டான், தோண்டினான். றகரத்துக்கு முன்னால் இரண்டு சுழி ன்: கன்று, மூன்று, நின்றான். தகரத்துக்கு முன்னால் ந்: பந்து, வந்தான், பொந்து. பழைய வாத்தியார்கள் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று எழுத்துக்குப் பேர் வைத்தே இந்த விதியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ‘எந்த ன டீச்சர், ரெண்டு சுழியா மூணு சுழியா?’ என்று தினமும் கேட்கும் பிள்ளைக்கு, பக்கத்தில் நிற்கும் எழுத்தைப் பார் என்று காட்டினால் கண் விரிகிறது. வண்டியும் நண்டும் ஏற்கெனவே எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தோண்டு என்பது புதிய பாடமே இல்லை.

‘அழு’ என்பதில் ஏன் ழ என்றால் சொல்ல விதி இல்லை. அது படித்துப் படித்து வர வேண்டியது. அதற்குச் செய்ய வேண்டியது, தினமும் படுக்கும் முன் ஒரு கதைப் புத்தகம், பிள்ளையின் விரல் வரியின் மேல் போக. நூலகத்தில் ஐம்பது நூறு சின்னப் புத்தகங்கள் வைத்திருக்கிறோம். வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன், கிழிந்தாலும் பரவாயில்லை. பிள்ளையே ‘அழு எப்படி எழுதணும்?’ என்று கேட்டால் உடனே சொல்லிவிடுங்கள். ‘நீயே யோசி’ என்று இழுக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் வரி மறந்துபோகும்.

இம்போசிஷன் வேண்டவே வேண்டாம். ‘மழை’ என்று ஐம்பது தடவை எழுதச் சொன்னால் பிள்ளை எப்படி எழுதுகிறது என்று பக்கத்திலிருந்து பாருங்கள். மேலிருந்து கீழாக ம, ம, ம என்று ஒரு வரிசை. அப்புறம் சங்கிலிக் கொம்பு ஒரு வரிசை. அப்புறம் ழ, ழ, ழ. கடைசி வரை ‘மழை’ என்ற சொல்லை ஒரு தடவைகூட பிள்ளை எழுதுவதில்லை. கை வலித்ததுதான் மிச்சம்.

ரப்பரையும் கொஞ்சம் தூரத்தில் வையுங்கள். எச்சில் தொட்டுத் தேய்த்து, தாள் ஓட்டையாகி, அழுகை வந்து நிற்கும். தப்பென்று தோன்றினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். அடித்த சொல் எனக்கு வேண்டும். பிள்ளை எப்படி யோசித்தது என்று அதில்தான் எனக்குத் தெரிகிறது.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். சுவரில் ஒட்டும் கதை, தாத்தாவுக்கு அனுப்பும் பொங்கல் வாழ்த்து, ஆண்டுவிழாவுக்கு எழுதும் அட்டை, இவை பிறர் படிப்பதற்கு. இவற்றை முதலில் இஷ்டம்போல எழுதவிட்டு, பிறகு பிள்ளையோடு சேர்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, நல்ல தாளில் பிழையில்லாமல் படி எடுக்கவையுங்கள். படி எடுக்கும்போது எத்தனை சொல்லைத் திருத்தினாலும் பிள்ளைகளுக்குக் கோபம் வருவதில்லை. தாத்தா படிக்கப்போகிறார் என்ற காரணம் போதுமானதாக இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்குப் போனதும் இந்தப் பழக்கம் வாரம் ஒரு முறை என்று ஆகிவிடும். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாம் அதற்கும் மேலே. ‘செத்துப் போச்சு’ என்பதில் ப் எங்கே என்று ஏழு வயதில் கேட்பது அநியாயம். பட்டம் வாங்கிய நம்மில் பலருக்கு அதில் இன்றும் சந்தேகம் வருகிறது.

எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து, ஆறு வயதில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடுவது பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஆனால் இரண்டாம் வகுப்பு முடியும் காலத்திலும் பிள்ளை எழுதுவதில் ஒலிக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தால், எழுதியதைத் தானே அரை மணி கழித்துப் படிக்க முடியாவிட்டால், நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று அடியோடு தெரியவில்லை என்பது வாரக்கணக்கில் தொடர்ந்தால், படிக்கச் சொன்னாலே வயிறு வலிக்கிறது என்றால், தயவுசெய்து என்னிடம் வாருங்கள். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிப்போம். அடிக்கடி சளி பிடித்துக் காதடைக்கும் பிள்ளைக்கு ஒலிகள் தெளிவாகக் கேட்காமலே ஒரு வருடம் ஓடிவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாது. அதில் குறையில்லை என்றால் டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் காட்டுவோம். அது சோம்பேறித்தனம் இல்லை, புத்திக் குறைவும் இல்லை. சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும், அவ்வளவே. அப்படிப்பட்ட பிள்ளையை அடித்து எழுதவைப்பதால் ஒரு எழுத்துகூட வராது.

அடுத்த திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளிடமும் கோடு போடாத ஒரு நோட்டு கொடுத்தனுப்புகிறேன். வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிடம், பிள்ளை எதை வேண்டுமானாலும் எழுதலாம், படமும் போடலாம். அட்டையில் ‘பதில் எழுதுவதற்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருப்பேன். வெள்ளிக்கிழமை நோட்டு திரும்பி வரும்போது, ஒவ்வொரு பக்கத்திலும் வீட்டில் ஒருவர் எழுதிய ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, பெரிய பிள்ளைகள் யாராவது எழுதட்டும். இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பறையில் உட்கார்ந்து எல்லா நோட்டையும் சேர்ந்து படிக்கலாம். சந்தேகம் உள்ளவர்கள் அன்று என்னோடு தாராளமாகச் சண்டை போடலாம்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் வகுப்பாசிரியை